ஜஸ்ட் நௌ என்றால் இப்போது இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த இரண்டாவது வாரம். ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குக் குளியலறை மேல்பலகையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. நம் ஊரில் கீசரைச் சுவரில் மாட்டியிருப்போம். இங்கே அதை ஓட்டுக்கும் மேல்பலகைக்கும் நடுவில், கண்ணுக்கே தெரியாத இடத்தில் படுக்க வைத்துவிடுகிறார்கள். 150 லிட்டர் கொள்ளளவு. தெருக்குழாயிலிருந்து வரும் வால்வை மூடியாகிவிட்டது. ஆனாலும் உள்ளே இருக்கிற 150 லிட்டரும் இறங்கித்தானே ஆகவேண்டும்?

வீட்டுக்கார ஆயா கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டேன். பிளம்பர் மரியாதையான மனிதர். விலாசத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஐ வில் பி தேர் ஜஸ்ட் நௌ" என்றார்.

நான் என்ன புரிந்துகொண்டேன் என்று சொல்லத் தேவையில்லை. ஜஸ்ட் என்றால் 'இப்பதான்', நௌ என்றால் 'இப்போ'. இரண்டும் சேர்ந்தால் அதைவிட அவசரமான வார்த்தை ஆங்கிலத்தில் உண்டா? ஆபீசுக்கு அரை மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாளியை அடியில் வைத்து, ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஒரு வாளி நிறைந்தது. கொட்டிவிட்டு வந்தேன். இரண்டாவது நிறைந்தது. பத்தரைக்கு மறுபடி போன் போட்டேன். "யெஸ் யெஸ், ஜஸ்ட் நௌ" என்றார், அதே மரியாதையோடு. மதியச் சாப்பாட்டை வாளிக்குப் பக்கத்தில் நின்றே சாப்பிட்டேன்.

அவர் வந்தது மூன்றரை மணிக்கு. ஆறாவது வாளி பாதி நிறைந்திருந்தது. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. விசில் அடித்துக்கொண்டே ஏணியை விரித்தார். எனக்குக் கோபம் வந்ததைவிட வியப்புத்தான் அதிகம். இவ்வளவு தாமதமாக வந்துவிட்டு இப்படி நிம்மதியாக ஒரு மனிதனால் இருக்க முடியுமா?

அவர் போன பிறகு ஆயாவிடம் புலம்பினேன். எழுபதைத் தாண்டியவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, ஹி செட் ஜஸ்ட் நௌ. டிட் ஹி சே நௌ நௌ?"

இல்லை, நௌ நௌ என்று சொல்லவில்லைதான்.

"தென்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு 'தென்'னுக்குள் இருந்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலைக்கோ படிப்புக்கோ தென்னாப்பிரிக்கா வருகிற தமிழர்கள் முதல் வாரத்திலேயே இதில் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அடி இன்னும் கொஞ்சம் பலமாக விழும்.

தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில், வரப்போகிற காரியத்தைப் பற்றிப் பேசும்போது 'ஜஸ்ட் நௌ' என்றால் 'அப்புறம்' என்று அர்த்தம். எப்போது என்று கேட்கக்கூடாத அப்புறம். அரை மணியில் நடக்கலாம், சாயங்காலம் நடக்கலாம், சில சமயம் நடக்காமலே போகலாம். 'நௌ நௌ' என்று இரட்டித்துச் சொன்னால்தான் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது: கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு, 'இதோ' என்கிற மாதிரி. இரட்டிக்காத வெறும் 'நௌ' இருக்கிறதே, அதையும் முழுக்க நம்ப முடியாது. "ஐ வில் டூ இட் நௌ" என்று ஒருவர் சொல்லிவிட்டு டீயை நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தால், டீ முடிந்த பிறகு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நிமிஷமே நடக்க வேண்டும் என்றால் 'ரைட் நௌ' என்று அழுத்திச் சொல்வார்கள். பிள்ளைகளை அதட்டும் அம்மாக்களிடம் அதை அடிக்கடி கேட்கலாம்.

இதை நிமிஷக் கணக்காக மாற்றி ஒரு பட்டியல் போட்டுவிட நானும் ஆரம்பத்தில் முயன்றேன். கணக்கு எழுதுவது தொழில், புத்தி அப்படித்தான் போகும். ஜஸ்ட் நௌ என்றால் சராசரியாக எத்தனை மணி? தேறவில்லை. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறுகிறது. பிறகுதான் எனக்கு ஒன்று பட்டது. இந்தச் சொற்கள் கடிகாரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சொல்கிறவர் மனசு அந்த வேலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. நௌ நௌ என்றால் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஜஸ்ட் நௌ என்றால் அந்த வேலையை ஞாபகத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பிளம்பர் என்னை ஞாபகத்தில் வைத்திருந்தார், வந்தார். அவர் கணக்கில் அது தாமதமே இல்லை. விசில் அடித்தது அதனால்தான்.

நாம் ஏன் இதில் இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறோம் என்றால், பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் ஜஸ்ட் நௌ பெரும்பாலும் நடந்து முடிந்த காரியத்தோடுதான் வரும். "ஹி லெஃப்ட் ஜஸ்ட் நௌ" என்றால் இப்பதான் கிளம்பினார். தமிழில் 'இப்பதான்' என்ற சொல்லும் அப்படியே இறந்த காலத்தோடு ஒட்டிக்கொள்ளும்: இப்பதான் சாப்பிட்டேன், இப்பதான் வந்தேன். இரண்டும் கச்சிதமாகப் பொருந்துவதால் ஜஸ்ட் நௌ என்றால் இப்பதான் என்று மனசில் ஆணி அடித்து வைத்துவிட்டோம். அந்த ஆணியோடு டர்பனுக்கு வந்து இறங்கினால், எதிர்காலத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஜஸ்ட் நௌவும் அதே அவசரத்தோடு காதில் விழுகிறது.

இறந்த கால ஜஸ்ட் நௌ இங்கேயும் இருக்கிறது, செத்துப் போகவில்லை. "ஐ சா ஹிம் ஜஸ்ட் நௌ" என்று சொன்னால் கொஞ்ச நேரத்துக்கு முன் பார்த்தேன் என்றுதான் பொருள். ஆக, புதிதாக வருகிறவர் செய்யவேண்டியது இதுதான்: ஜஸ்ட் நௌ காதில் விழுந்ததும் அதை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பாருங்கள். வினை இறந்த காலத்தில் இருந்தால் நீங்கள் படித்த ஆங்கிலம். எதிர்காலத்தில் இருந்தால் தென்னாப்பிரிக்க ஆங்கிலம், வாளியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இதற்கு நேர் ஜோடி 'இப்பதான்' அல்ல, வெறும் 'இப்ப'. "இப்ப வந்தான்" என்றால் சற்று முன். "இப்ப வருவான்" என்றால் சற்றுப் பின். ஒரே சொல் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறது, எந்தப் பக்கம் என்பதை வினை முடிவு செய்கிறது. சொல்லப்போனால் 'இப்பொழுது' என்பதே ஒரு கணத்தின் பெயர் அல்ல. இ, பொழுது: இந்தப் பொழுது. பழைய இலக்கணத்தில் ஒரு நாளுக்கு ஆறு சிறுபொழுது. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒரு சிறுபொழுதுக்குப் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். இந்தக் கணக்கைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டால், காலைப்பொழுதில் கூப்பிட்ட எனக்கு நண்பகல் முழுவதையும் தாண்டி எற்பாட்டில் வந்து சேர்ந்தார் பிளம்பர். நம் முன்னோர் கணக்கிலும் அது தாமதம்தான்.

சரி, ஆங்கிலேயர் ஊரில் இல்லாத இந்தப் பழக்கம் இங்கே மட்டும் எப்படி வந்தது?

ஆஃப்ரிகான்ஸ் மொழியைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் பகுதியில் இறங்கியது. அங்கே பேசப்பட்ட டச்சு மொழி தலைமுறை தலைமுறையாகத் திரிந்து ஆஃப்ரிகான்ஸ் ஆனது. 1925இல் அதற்கு அதிகார மொழி என்ற அந்தஸ்தும் கிடைத்தது. அந்த மொழியில் 'நெட்நோ' என்று ஒரு சொல் இருக்கிறது. 'நெட்' என்றால் ஏறக்குறைய ஜஸ்ட், 'நோ' என்றால் நௌ. நெட்நோ என்பது நம் 'இப்ப' மாதிரியே இரட்டைப் பிறவி: சற்று முன் என்றும் பொருள், சற்றுப் பின் என்றும் பொருள். ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்களும் ஆங்கிலம் பேசுகிறவர்களும் ஒரே தெருவில், ஒரே சந்தையில் புழங்கும்போது நெட்நோவைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் என்ன கிடைக்கும்? ஜஸ்ட் நௌ. ஆங்கிலச் சட்டையைப் போட்டுக்கொண்ட ஆஃப்ரிகான்ஸ் சொல் அது. சட்டையைப் பார்த்து நாம் ஏமாந்து போகிறோம்.

நௌ நௌவும் அதே வழிதான். ஆஃப்ரிகான்ஸில் 'நோ-நோ' என்று இரட்டிப்பார்கள். ஐரோப்பிய மொழிகளில் இப்படிச் சொல்லை அடுக்குவது அரிது. டச்சிலும் அவ்வளவாகக் கிடையாது. ஆஃப்ரிகான்ஸில் மட்டும் நிறைய உண்டு. அன்று கேப் பகுதிக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் இந்தோனேசியத் தீவுக்காரர்கள் பலர். அவர்கள் பேசிய மலாய் மொழியின் பாதிப்பாக இருக்கலாம் என்று சில மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும்கூட அடிமைகள் கொண்டுபோகப்பட்டார்கள் என்பது இங்கே நினைவில் வைக்கத்தக்கது. 'சீக்கிரம் சீக்கிரம்', 'மெல்ல மெல்ல' என்று மூச்சுக்கு மூச்சு அடுக்குகிற நமக்கு நௌ நௌ உடனே புரிந்துவிடும். எங்கள் கடையின் முன்மேசையில் உட்காருகிற ஜூலுப் பெண்மணியும் தன் மொழியில் 'மஞ்ஜே' என்ற சொல்லை அடுக்குவார். மஞ்ஜே என்றால் இப்போது. சுற்றியிருக்கிற எல்லாரும் அடுக்குகிற ஊரில் ஆங்கிலம் மட்டும் எத்தனை நாள் அடுக்காமல் இருக்கும்?

இந்தச் சொல் ஆயாவின் வாய்க்கு வந்து சேர்ந்த வழி இன்னும் நீளம். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. டர்பனைச் சுற்றியிருந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்த முதல் கப்பல் அது. 1911 வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் இப்படி வந்தார்கள். பாதிக்கு மேல் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். வீட்டில் தமிழும் வெளியே ஆங்கிலமும் என்று இருந்தது. 1950ஆம் வருஷத்துக் குழுப் பகுதிச் சட்டம் இந்தியர்களைப் பழைய இடங்களிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த் போன்ற தனிக் குடியிருப்புகளில் கொண்டுபோய் வைத்தது. அதே காலத்தில் ஆங்கிலம் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்தது. ஆயா தேவாரம் பாடுவார், ஒரு எழுத்து பிசகாது. அடுக்களையில் ரசம், வடை, ஆனம் எல்லாம் தமிழில்தான் கொதிக்கும். ஆனால் காலத்தைப் பற்றிய பேச்சு முழுக்க ஆங்கிலம். நேற்று, நாளைக்கு என்பதெல்லாம் அவர் காதுக்குக் கோவிலில் கேட்கிற தமிழ்.

1996ஆம் வருஷத்து அரசியல் சட்டம் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆட்சி மொழிகளின் பட்டியலில் இல்லை. இந்நாட்டுச் சமூகங்கள் புழங்கும் மொழிகள், மதித்துப் பேணப்பட வேண்டியவை என்ற வரிசையில், இந்தி, குஜராத்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு. பேணுகிற வேலை எப்போது நடக்கும் என்று ஆயாவிடம் ஒருமுறை கேட்டேன். என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆங்கிலேயர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'உடனே' என்று பிறந்த சொல் கொஞ்ச காலத்தில் 'அப்புறம்' ஆகிவிடுவது அவர்கள் மொழியில் வழிவழியாக நடக்கிற கதை. 'சூன்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அந்தக் கணமே என்று பொருள். 'அனான்' அப்படித்தான், 'பிரசன்ட்லி' அப்படித்தான். மூன்றும் வழுக்கி வழுக்கிப் பிற்பாட்டுக்குப் போய்விட்டன. 'பை அண்ட் பை' என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்றைக்கு அதற்குக் காலப்போக்கில், மெல்ல, என்று பொருள். 1611ஆம் வருஷத்து ஆங்கில பைபிளில் மாற்கு 6:25ஐப் பாருங்கள். ஏரோதியாளின் மகள் யோவான் ஸ்நானனின் தலையைத் தட்டில் வைத்துக் கேட்கிற இடம். அங்கே அவள் சொல்வது 'பை அண்ட் பை'. தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'இப்பொழுதே' என்று இருக்கிறது. அதுதான் சரியான பொருள். இன்றைய ஆங்கிலக் காதோடு அந்த வரியைப் படித்தால், அவசரம் ஒன்றுமில்லை, தலையை மெதுவாகக் கொடுத்தனுப்புங்கள் என்று அவள் சொல்வது போல இருக்கும்.

ஏன் இப்படி வழுக்குகிறது? மனித சுபாவம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. உடனே செய்கிறேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள், யாரும் உடனே செய்வதில்லை. கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லின் மதிப்பு, செலாவணி குறைகிற மாதிரி, குறைந்துவிடுகிறது. பிறகு 'உடனே'வுக்கு வேறு புதுச் சொல் தேட வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற வாசகர்கள் இதற்குள் முகம் சுளித்திருப்பார்கள். அவர்கள் ஊர் ஆங்கிலத்தில் ஜஸ்ட் நௌ வேறு பக்கம் நீள்கிறது: காலையில் நடந்ததை மாலையில் சொல்லும்போதும் ஜஸ்ட் நௌ என்பார்கள். அதாவது அவர்களுக்குப் பின்னால் நீளுகிறது, இங்கே முன்னால் நீளுகிறது. பினாங்கிலிருந்து ஒருவரும் டர்பனிலிருந்து ஒருவரும் ஒரே ஆபீசில் மாட்டிக்கொண்டால் நடுவில் இருக்கிறவர் பாடு திண்டாட்டம்.

நாம் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அதுவும் இல்லை. தமிழன் வேறு விதமாகப் பொய் சொல்கிறான். "இதோ வந்துட்டேன்" என்கிறோமே, அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. வினையோ இறந்த காலத்தில் இருக்கிறது. வந்து முடித்தாகிவிட்டதாம்! "கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்கிறவன் அப்போதுதான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறான். தென்னாப்பிரிக்கர்கள் காலச்சொல்லை இழுக்கிறார்கள், நாம் வினைச்சொல்லை இழுக்கிறோம். இதை ஆயாவுக்கு விளக்கிச் சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை. "யூ பீப்பிள் சே யூ கேம், பட் யூ டின்ட் கம்?" என்று மூன்று முறை கேட்டார். பிளம்பர் விஷயத்தில் என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்புக்கு அன்று கணக்கு நேராயிற்று.

ஒரு இடத்தில் மட்டும் இரண்டு ஊரும் கைகோர்த்துக்கொள்கின்றன. விருந்திலிருந்து ஒருவர் எழுந்து வெளியே போகும்போது "ஐயம் கமிங் நௌ நௌ" என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் தடவை கேட்கிற வெள்ளைக்கார விருந்தாளிக்குத் தலை சுற்றும்: போகிற மனிதர் ஏன் வருகிறேன் என்கிறார்? நமக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. போகும்போது 'வரேன்' என்று சொல்லித்தானே பழக்கம்? 'போறேன்' என்று சொன்னால்தான் வீட்டில் திட்டு விழும்.

புரிந்துகொள்வது ஒரு பக்கம். நாமே பேசும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. பிளம்பர் வந்துபோன மறு மாதம், முதலாளி இருப்புப் பட்டியலைக் கேட்டார். "ஐ வில் பிரிங் இட் ஜஸ்ட் நௌ, சார்" என்றேன். நான் சொன்னது இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஜஸ்ட் நௌ. இரண்டே நிமிஷத்தில் அச்சடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அறை பூட்டியிருக்கிறது. மனிதர் பன்னி சாப்பிடப் போயிருக்கிறார். (பன்னி என்றால், பாதி ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றிக் கொடுப்பது, டர்பன் இந்தியர்களின் கண்டுபிடிப்பு. பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம்.) ஒன்றரை மணி நேரம் கழித்து விரலை நக்கிக்கொண்டு வந்தவர், என்னை வாசலில் பார்த்து, "பட் யூ செட் ஜஸ்ட் நௌ!" என்றார். அப்புறம் தருகிறேன் என்று நான் சொன்னதால்தான் சாவகாசமாகச் சாப்பிடப் போனாராம். குற்றம் யாருடையது என்று இன்றுவரை எங்களுக்குள் தீரவில்லை.

அன்றிலிருந்து வேலை இடத்தில் நான் இரண்டு ஜஸ்ட் நௌவையும் தொடுவதில்லை. மணியைச் சொல்லிவிடுகிறேன், "பதினோரு மணிக்கு மேஜையில் இருக்கும்" என்று. அடுத்தவர் சொல்லும் ஜஸ்ட் நௌவுக்கு ஆயா கற்றுக்கொடுத்த வைத்தியம் வேறு. எப்போது வருவாய் என்று ஆயா கேட்கவே மாட்டார். அந்தக் கேள்விக்கு ஜஸ்ட் நௌ என்றுதான் பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். "வேர் யூ?" என்று கேட்பார். ஆள் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? "ரோபாட் பக்கத்தில்" என்று பதில் வந்தால் பரவாயில்லை. இந்த ஊரில் போக்குவரத்து விளக்குக்கு ரோபாட் என்று பெயர். எந்த ரோபாட் என்று அடுத்த கேள்வி விழும். அதற்குப் பதில் வரத் தாமதமானால் ஆள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டு ஆயா தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

குரலையும் கவனிக்க வேண்டும். சட்டென்று, இரண்டு சொல்லும் ஒட்டி வந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. 'ஜஸ்ட்'டை இழுத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையை லேசாக வீசி, "ஜாஸ்ட் நௌ" என்றால் அது மரியாதையான 'முடியாது'. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. 'பார்க்கலாம்' என்று நாம் சொல்வதில்லையா? கல்யாணத் தரகரிடமும் கடன் கேட்டு வந்தவரிடமும் நாம் சொல்லும் பார்க்கலாம் என்ன பார்க்கலாமோ, அதே பார்க்கலாம். இதைப் பழித்துப் பேச எனக்கு மனசு வருவதில்லை.

காலத்தை இத்தனை தாராளமாக நீட்டுகிற இதே மனிதர்கள் ஒரு இடத்தில் மட்டும் நிமிஷம் தவறமாட்டார்கள். ஆடி மாதம் இங்கே வீட்டுக்கு வீடு, கோவிலுக்குக் கோவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். பாரிட்ஜ் பிரேயர் என்று அதற்கு ஆங்கிலப் பெயர். எங்கள் பக்கத்துக் கோவிலில் கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோள மாவு. புளிப்பு அதே புளிப்பு. போன ஆடியில் பெரிய பானையைத் துழாவிக்கொண்டிருந்த அத்தையிடம் ஒரு பையன், எப்போது ஊற்றுவீர்கள் என்று கேட்டான். "ஜஸ்ட் நௌ" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். பையன் விளையாடப் போய்விட்டான். பக்கத்தில் அர்ச்சகர் செல்போனில் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, ராகு காலம் நாலரைக்கு ஆரம்பம், அதற்குள் தீபாராதனை முடிய வேண்டும் என்றார். நாலேகாலுக்குத் தேங்காய் உடைந்தது. நாலு இருபத்தைந்துக்குக் கற்பூரம். யாரும் ஜஸ்ட் நௌ சொல்லவில்லை. கூழ் மட்டும் ஆறு மணிக்குக் கிடைத்தது.

எங்கள் மகளுக்கு இப்போது ஏழு வயது. இங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் காலச்சொற்கள் ஆயா வீட்டு அடுக்களையிலிருந்து வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மன்னார்குடிக்கு வீடியோ கால். இங்கே ஆறு மணி என்றால் அங்கே இரவு ஒன்பதரை. அம்மா தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன வாரம் பேத்தியைக் கூப்பிட்டாள். உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், "ஜஸ்ட் நௌ வரேன் பாட்டி" என்று குரல் கொடுத்தாள்.

அம்மா பத்தாவது வரை படித்தவள். ஜஸ்ட் நௌ அவளுக்குத் தெரியும். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து, கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலையைக் கையால் ஒதுக்கி, திரைக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. நான் ஊர்க் கதை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் பார்வை என் தோளுக்குப் பின்னால் கதவிலேயே இருந்தது.

"என்னடா, இப்பவே வரேன்னாளே குழந்தை?"

"அம்மா, நீ படுத்துக்கோ. அவ அடுத்த வாரம் வருவா."